எல்பா தீவு, லே கியாயே கூழாங்கல் கடற்கரை: வயதான அம்மா, சின்னப் பெண்ணோடு போகலாமா?

மிலான்_மீரா

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரம் இத்தாலியின் எல்பா தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கார் கிடையாது. போர்ட்டோஃபெராயோ ஊரிலேயே தங்கி, லே கியாயே கரைக்கு நடந்தே போய்வரலாம் என்பது திட்டம்.

அந்தக் கரையில் மணலே இல்லையாமே, முழுக்கக் கூழாங்கல்தானாம். அம்மாவால் தண்ணீரில் இறங்கி ஏற முடியுமா? பக்கத்துக் கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி என்றும் படித்தேன். குளிக்க விடுவார்களா, அனுமதிச் சீட்டு ஏதாவது வாங்கணுமா? மகளுக்கு முகமூடி போட்டு மீன் பார்க்க ஆசை. படகு எடுக்காமல் கரையிலிருந்தே எதுவும் தெரியுமா? வெள்ளைக் கல்லில் நீலப்புள்ளி இருக்குமாம், நினைவுக்கு இரண்டு எடுத்து வரலாமா என்றும் கேட்கிறாள்.

கடல்நாடி

தாராளமாகப் போகலாம். அனுமதியும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

இந்தப் "பாதுகாப்பு" விஷயத்தில் பலர் இரண்டு வேறு ஏற்பாடுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 1996-ல் அமைந்த டஸ்கன் தீவுக்கூட்டத் தேசியப் பூங்காவில் எல்பாவின் நிலம் கணிசமாக உண்டு, கடல் இல்லை. பூங்காவின் கடல் எல்லை பியனோசா, மோண்டேகிறிஸ்டோ, கப்ராயா போன்ற தீவுகளைச் சுற்றித்தான். லே கியாயேயில் இருப்பது அதைவிடப் பழையது. 1971-லேயே உயிரியல் காப்பு மண்டலமாக அறிவித்துவிட்டார்கள். லே கியாயே, மேற்கே கப்போ பியாங்கோ முனை, வெளியே கலங்கரை விளக்கம் நிற்கும் ஸ்கோலியெட்டோ பாறைத்தீவு மூன்றும் அதில் அடக்கம். அங்கே மீன் பிடிக்கக் கூடாது. தூண்டில், வலை, ஈட்டித் துப்பாக்கி எதுவும் ஆகாது. குளிக்க, நீந்த, முகமூடி போட்டுப் பார்க்கத் தடையில்லை. கடைகளில் பிள்ளைகளுக்கென்று ஒரு குச்சிவலையும் வாளியும் விற்பார்கள், நண்டு பிடிக்க. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்கே போய்ப் பிடுங்கி வைப்பதைவிட வாங்காமலே இருப்பது நல்லது.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஈட்டிக்குத் தப்பிய இடம் என்பதால் மீன்கள் ஆளைக் கண்டு பதறுவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் குப்புற மிதந்தாலே காட்சி தொடங்கிவிடும். சல்பா என்ற மீன், வெள்ளி உடம்பில் நீளவாட்டில் பொன்கோடுகள், கூட்டமாக வந்து ஆட்டுமந்தை மேய்வதுபோல் தலையைக் கவிழ்த்துக் கடற்புல்லைக் கடிக்கும். வாலடியில் கறுப்பு வளையம் போட்ட சராகோ மீன் பாறை இடுக்கில் நிற்கும். மகளுக்கு ஒன்றை முக்கியமாகக் காட்டுங்கள்: பாறை நிழலில் நகத்தளவு குஞ்சுகள் மின்விளக்கு மாதிரி நீலமாகத் தெரியும். மேலே கூட்டமாக மிதக்கும் கரும்பழுப்பு மீன்களின் குஞ்சுகள்தான் அவை. வளர வளர அந்த நீலம் போய்விடும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் அதற்குச் சரியான காலம். பெரிய களவா மீன்கள் ஸ்கோலியெட்டோவைச் சுற்றி ஆழத்தில். அங்கே முக்குளிப்பு நிலையத்துப் படகில்தான் போகணும். கரையிலிருந்து நீந்திப் பார்க்கலாம் என்று கணவர் கிளம்பினால் தடுத்துவிடுங்கள், நடுவில் படகுப் போக்குவரத்து உண்டு.

கரையின் நடுப்பகுதியில் அடியெல்லாம் வெறும் கல், பார்க்க அதிகம் இல்லை. இரண்டு ஓரங்களிலும் பாறை தொடங்கும் இடத்துக்குப் போங்கள். பாறையை ஒட்டி, தரை தெரியும் ஆழத்திலேயே மெதுவாக நகருங்கள். குளிப்பவர்களுக்கென்று போட்டிருக்கும் மிதவை வரிசையைத் தாண்டாதீர்கள். தாண்டுவதென்றால் மிதவையும் அதன்மேல் வெள்ளைக் குறுக்குப்பட்டை போட்ட சிவப்புக் கொடியும் இழுத்துக்கொண்டு போகணும். கொடியைச் சுற்றி 50 மீட்டருக்குள் நீங்கள் இருக்கணும், படகுகள் 100 மீட்டர் ஒதுங்கிப் போகணும் என்பது இத்தாலிய விதி. படகுக்காரர் எல்லோரும் ஒதுங்குவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

முகமூடியை வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்தால், கையை எடுத்த பிறகும் ஒட்டி நிற்கணும். ஏழு வயதுக்குப் பெரியவர் அளவு ஒருநாளும் ஒட்டாது. தலைமுடி ஓர் இழை மாட்டினாலும் தண்ணீர் கசியும். புதுக் கண்ணாடியில் தொழிற்சாலை எண்ணெய்ப் படலம் இருக்கும், பற்பசை வைத்து இரண்டு தடவை தேய்த்துக் கழுவினால்தான் ஆவி பிடிப்பது நிற்கும். முகம் முழுக்க மூடும் வகை சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். தண்ணீர் புகுந்தால் அவளால் சட்டென்று கழற்ற முடியாது.

கப்போ_பாறை

கல் பற்றி நான் சொல்கிறேன். எடுக்காதீர்கள், ஒன்றுகூட.

இத்தாலியக் கடல்வழிச் சட்டம், பிரிவு 1162. கடற்கரையிலிருந்து மணல், கூழாங்கல் எடுத்தால் அபராதம் 1,549 யூரோவிலிருந்து 9,296 யூரோ வரை. "ஒரு கல்தானே" என்று கோடைக்கு ஆயிரக்கணக்கானோர் நினைத்தால் கரைக்குப் புதுக்கல் வந்து சேரும் வேகத்தைவிடப் போகும் வேகம் அதிகமாகிவிடும். கப்பல் ஏறும் முன் மகளின் பையையும் துண்டையும் உதறிப் பாருங்கள், பிள்ளைகள் எங்காவது ஒன்றைச் செருகி வைத்திருப்பார்கள்.

பார்க்க வேண்டிய கல்தான், மறுக்கவில்லை. மேற்கே தெரியும் வெள்ளைச் செங்குத்துப் பாறை அப்லைட் என்ற கல்வகை, சுமார் 80 லட்சம் ஆண்டுக்கு முன் மாக்மா என்ற பாறைக்குழம்பு மேலேறி இறுகியது. அதில் அங்கங்கே டூர்மலின் கனிமம் திரண்டு கருநீலப் புள்ளியாக நிற்கிறது. பாறை உடைந்து விழ, அலை உருட்டி வழவழப்பாக்க, அதுதான் உங்கள் கூழாங்கல். ஆர்கோ கப்பலில் வந்த கிரேக்க வீரர்கள் வியர்வையைத் துடைத்துப் போட்ட கல், அதனால்தான் புள்ளி என்று பழங்கதை. உலர்ந்த கல்லில் புள்ளி மங்கல் சாம்பலாகத்தான் தெரியும். அலைவிளிம்பில் நனைந்து கிடப்பதை நிழலில் வைத்துப் படம் எடுங்கள், நீலம் அப்போதுதான் எழும். எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு முக்கியமானது கரையின் சரிவு. மணல் கரையில் அலை ஏறிய தண்ணீர் மேலோடு திரும்பி ஓடி மணலையும் இழுத்துப் போகும், அதனால் கரை தட்டையாக இருக்கும். கூழாங்கல்லில் ஏறின தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கிவிடுகிறது. திரும்பும் ஓட்டத்துக்குக் கல்லை இழுக்கும் வலு இல்லை. அலை கொண்டுவந்த கல் மேலேயே தங்கித் தங்கிக் கரை செங்குத்தாகிவிடும். தண்ணீர் விளிம்பில் இரண்டு மூன்று எட்டிலேயே முழங்காலிலிருந்து இடுப்புக்குப் போய்விடும். கலங்கும் மணல் இல்லாததால்தான் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. வசதியும் தொல்லையும் ஒரே காரணத்தால் வருபவை.

சூரிச்_வடலி

வணக்கம் அக்கா. கரையைப் பற்றி மற்றவை சொல்லிப்போட்டினம், நான் போற வழியையும் அம்மாவின்ர முழங்காலையும் சொல்லுறன்.

மிலானில இருந்து ஜெனோவா வழியாவோ, ஃபுளோரன்ஸ், பீசா வழியாவோ கம்பிலியா மரித்திமா ஸ்ரேசனுக்கு வரோணும். அங்க மாறி ஒரு சின்ன ரெயின். கவனம், அதில "பியோம்பினோ" எண்டும் "பியோம்பினோ மரித்திமா" எண்டும் ரெண்டு நிறுத்தம். முதலாவது ஊருக்குள்ள, ரெண்டாவதுதான் துறைமுகம். எல்லா ரெயினும் துறைமுகம் வரைக்கும் போகாது. ஊரோட நிக்கிற ரெயினெண்டால் மிச்சத் தூரம் பஸ். அம்மாவோட பெட்டியும் இருந்தால் மரித்திமா வரைக்கும் போற ரெயினாப் பார்த்து எடுங்கோ.

கப்பல் ரிக்கெற்றில போர்ட்டோஃபெராயோ எண்டு இருக்கோ எண்டு ரெண்டு தரம் பாருங்கோ. அதே துறையில இருந்து ரியோ மரினாவுக்கும் காவோவுக்கும் கப்பல் போகுது, அது தீவின்ர கிழக்குப் பக்கம். போர்ட்டோஃபெராயோவுக்கு ஒரு மணித்தியாலம் வரும். தீவுக்கு இறங்குற வரியெண்டு சில யூரோ ரிக்கெற்றோட சேர்த்தே எடுப்பினம், பிறகு தனியாக் கட்டத் தேவையில்லை. கார் இல்லாமல் போறது நல்ல முடிவு. காருக்குத்தான் கப்பலில காசு. போர்ட்டோஃபெராயோ துறையில இருந்து லே கியாயேக்கு ஊரைக் குறுக்கால வெட்டிப் பத்து நிமிச நடை.

இனி அம்மா. சாதாரண ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்க விடாதேங்கோ. முதல் அலையிலேயே கழண்டு போகும், அதைப் பிடிக்கக் குனிஞ்சுதான் ஆக்கள் விழுறது. குதிக்கால் மூடின, அடி தடிச்ச நீர்ச்சப்பாத்து வாங்குங்கோ. துணிமாதிரி மெல்லிய அடி போட்டது மலிவு, ஆனால் கல்லு அப்பிடியே உள்ளங்காலில தெரியும். வழக்கமான அளவில பொருத்தமா எடுங்கோ, பெரிசா எடுத்தால் சின்னக்கல்லு உள்ளுக்கு வந்து நிக்கும். நாலு பேருக்கும் ஒவ்வொரு சோடி.

இருக்கிறதுக்குத் தாழ்ந்த கடற்கரைக் கதிரை வேண்டாம். முழங்கால் வலியோட அதில இருந்து எழும்பேலாது. அங்க காசு குடுத்து எடுக்கிற கட்டிலும் குடையும் இருக்கு, இலவசப் பகுதியும் இருக்கு. அம்மாவுக்கெண்டால் ஒரு நாளைக்காவது கட்டில் எடுங்கோ, அவையிட்டத் தண்ணி விளிம்பு வரைக்கும் பலகை போட்டிருக்கோ எண்டு முதலே கேளுங்கோ. பலகை இருந்தால் பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. கரைக்குப் பின்னால மரங்களோட ஒரு பொதுப் பூங்கா இருக்கு. நடுப்பகல் வெய்யிலுக்கு அங்க வாங்கில இருக்கலாம். வெள்ளைக்கல்லு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், குடைக்குக் கீழ இருந்தாலும் நாடி, மூக்கடி எல்லாம் கருகும். கிறீம் பூசுங்கோ.

இலவசப் பகுதியில இருந்தால் தண்ணி விளிம்பில இருந்து 5 மீட்டர் விட்டுப் பாயை விரியுங்கோ. அது எல்லாரும் நடக்கிற பாதை, சாமான் வைக்கக் கூடாது. மணலில குத்துற குடை அங்க நிக்காது. கல்லுக்குள்ள கம்பு இறங்காது, இறங்கினாலும் காத்துக்குச் சாயும்.

தெற்கு_நோக்கி

எல்லோரும் லே கியாயே என்கிறீர்கள். அது ஊர்க்கரை, கூட்டம் வரும். கொஞ்சம் மேற்கே சோர்ஜெந்தே, சான்சோனே என்று இரண்டு வெள்ளைக்கல் கரைகள். தண்ணீர் நிறம் அங்கேதான். பதுலெல்லாவும் அருகிலேயே. மேலே நின்று பார்த்தாலே அடிக்கல் எண்ணலாம்.

கடல்நாடி

@தெற்கு_நோக்கி அழகில் உங்கள் பக்கம்தான். ஆனால் கேட்டவருக்குக் கார் இல்லை, உடன் வருபவருக்கு முழங்கால் வலி. சான்சோனேக்குக் கீழே இறங்குவது சரிவான மண்பாதை, பதுலெல்லாவுக்கும் கப்போ பியாங்கோவுக்கும் படி. இறங்கிவிடலாம், நாலு மணி வெயிலில் ஏறுவதுதான் பாடு. இந்தக் கரைகள் எல்லாம் செங்குத்துப் பாறையின் அடியில் இருப்பவை, மேலிருந்து கல் உதிரும். பாறையடி நிழல் குளுகுளுவென்று கூப்பிடும், அங்கேதான் உட்காரக் கூடாது. மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே வேண்டாம். தடுப்பு கட்டி மூடிய இடத்தில் கயிற்றைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

மீராவுக்கு: இறங்கி ஏறும் முறை. அலை இல்லாத நாளில் மட்டும் அம்மாவை இறக்குங்கள். ஒரு கையில் மலையேற்றக் கைத்தடி, அடியில் ரப்பர் குமிழ் போட்டது. மறுபக்கம் கணவர், அம்மாவைவிட ஓர் எட்டு ஆழத்தில் கடலைப் பார்த்து நிற்கணும். கைபிடித்து இழுக்கக் கூடாது, அம்மா அவர் முழங்கையைப் பிடிக்கணும். இடுப்பளவு வந்ததும் உடம்பைத் தண்ணீரில் சாய்த்துவிடட்டும். கல்மேல் நடக்கும் தூரம் குறைய குறைய நல்லது.

ஏறும்போதுதான் விழுவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி எழுந்து நிற்கும் நொடியில் காலடிக் கல் உருளும், பின்னால் வரும் சின்ன அலை போதும். எழுந்து நிற்காமல், கை தரையைத் தொடும்வரை நீந்தி வந்து, அலை தள்ளும்போது தவழ்ந்து ஏறி, விளிம்புக்கு மேலே உட்கார்ந்த பிறகு எழுப்புங்கள். பார்க்க நாகரிகமாக இருக்காது, முழங்கால் தப்பும். நீங்கள் துடுப்புக்காலணி போடுவதானால் தண்ணீருக்குள் போன பிறகு மாட்டி, வெளியே வருமுன் கழற்றுங்கள். அதைப் போட்டுக் கல்லில் நடந்தால் நிச்சயம் விழுவீர்கள்.

மிலான்_மீரா

அனைவருக்கும் நன்றி. வடலித் தம்பி, ரெயில் விஷயம் தெரியாமல் வெறும் "பியோம்பினோ" என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு சந்தேகம். காற்று அடித்தால் அந்த நாள் போச்சா? சொறிமீன் வருமா? கரையில் பழுப்பாக ஏதோ குப்பை குவிந்திருப்பதைச் சில படங்களில் பார்த்தேன், சாக்கடையா?

கடல்நாடி

குப்பையும் இல்லை, சாக்கடையும் இல்லை. பொசிடோனியா கடற்புல்லின் உதிர்ந்த இலை. அது பாசி இல்லை, பூப்பூத்துக் காய்க்கும் செடி. தண்ணீர் தெளிந்த இடத்தில் 40 மீட்டர் ஆழம் வரை வளரும். இலையுதிர்காலத்தில் பழைய இலையைக் கழிக்கும், புயல் அதைக் கரையில் அடுக்கடுக்காகக் குவிக்கும். குளிர்கால அலை கல்லை வாரிப் போகாமல் அந்தக் குவியல்தான் தடுக்கிறது. மக்கும்போது முட்டை நாற்றம் அடிக்கும், காலில் ஒட்டும், அவ்வளவுதான். உயிருள்ள புல்மேல் நிற்கவோ நங்கூரம் போடவோ கூடாது. வேர்த்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், நங்கூரம் பிய்த்த பள்ளம் மூடப் பல பத்தாண்டு பிடிக்கும். வாடகைப் படகு எடுக்கும் எண்ணம் வந்தால், கீழே கரும்பச்சையாகத் தெரிகிற இடத்தை விட்டு வெளிறிய மணல் திட்டில் போடச் சொல்லுங்கள்.

காற்றுதான் எல்பாவில் நாள் திட்டத்தை முடிவு செய்யும், நீங்கள் இல்லை. லே கியாயே வடக்குப் பார்த்த கரை. வாடைக்காற்றான திரமொந்தானா, வடமேற்கிலிருந்து வரும் மயிஸ்திராலே, வடகிழக்கு கிரெகாலே மூன்றும் நேரே முகத்தில் அடிக்கும். அந்த நாளில் கல் உருளும் சத்தம் தெருவரை கேட்கும், அம்மாவை விளிம்புக்கே கொண்டுபோகாதீர்கள். பஸ் பிடித்துத் தெற்கே மரினா தி கம்போவுக்குப் போய்விடுங்கள், நீளமான மணல் கரை, அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்கிழக்கு சிரொக்கோவோ தென்மேற்கு லிபெச்சியோவோ அடித்தால் கதை தலைகீழ், தெற்கு கொந்தளிக்கும், லே கியாயே அடங்கிக் கிடக்கும். காலையில் முன்னறிவிப்பில் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் திசையைப் பாருங்கள். காற்றே இல்லாத நாளிலும் மதியத்தில் கடற்காற்று கிளம்பி நீர்ப்பரப்பைச் சலசலக்க வைக்கும், மீன் பார்ப்பதைக் காலை பதினொன்றுக்குள் முடியுங்கள்.

கரையில் உயிர்காப்பாளர் ஏற்றும் கொடி: வெள்ளை என்றால் சரி. மஞ்சள் என்றால் காற்று, குடையை மடக்கணும். சிவப்பு என்றால் ஆபத்து, அல்லது உயிர்காப்பாளர் பணியில் இல்லை.

சூரிச்_வடலி

சொறிமீன் சில நாள் வரும். அங்க வாறது ஊதா நிறத்தில, குடை முழுக்கப் பொட்டுப் பொட்டா இருக்கிற பெலாஜியா. கொட்டினால் கடல்தண்ணியால மட்டும் கழுவுங்கோ. நல்ல தண்ணி ஊத்தினால் தோலில ஒட்டியிருக்கிற மிச்சக் கொட்டணுக்களும் வெடிக்கும். வினாகிரியும் இந்த வகைக்கு வேண்டாம். சமையல் சோடாவையும் கடல்தண்ணியையும் சம அளவு குழைச்சு ரெண்டு நிமிசம் பூசி, பிளாஸ்ரிக் அட்டையால வழிச்சு எடுங்கோ. தேய்க்கக் கூடாது. வீட்டில இருந்து போகேக்கயே ஒரு சின்ன டப்பாவில சோடா கொண்டு போனால் காணும். கடல் முள்ளெலி பாறையில இருக்கும், நீர்ச்சப்பாத்து இருந்தால் பயமில்லை, பாறையைக் கையால மட்டும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

கம்போ மணலுக்குப் போனால் வேற ஒண்டு. திராச்சினா எண்டு ஒரு மீன் மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், முதுகுமுள்ளில விஷம். காலைத் தூக்காமல் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தால் விலகிப் போகும். குத்தினால் தோல் பொறுக்கிற அளவு சுடுதண்ணி, 40, 45 பாகையில, அரை மணித்தியாலத்துக்கு மேல காலை வைச்சிருக்கோணும். ஐஸ் வைக்கக் கூடாது, இந்த விஷம் சூட்டிலதான் அடங்கும். மூச்சுத் திணறல், முகவீக்கம் எண்டு வந்தால் 112. கடலில ஆபத்தெண்டால் கரையோரக் காவல்படை 1530, ரெண்டுக்கும் காசில்லை.

கப்போ_பாறை

ஒன்று விட்டுப்போச்சு. வெறும் துண்டை விரித்துக் கல்மேல் படுத்தால் அரைமணியில் முதுகு கெஞ்சும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் மடக்கு நுரைப்பாய் எடுங்கள், காற்றடைக்கும் மெத்தை வேண்டாம். கல் சுடும், மெத்தை தரையோடு நிற்காமல் பறக்கும், கடலில் போட்டால் தென்காற்று மகளையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். லே கியாயே அடங்கிக் கிடக்கும் என்று மேலே சொன்ன சிரொக்கோ நாளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும், நீர் குளம்போல் தெரியும், தள்ளுவது கண்ணுக்கே தெரியாது.